திரும்பிய நேரம்

அம்மா அமிர்தவல்லியின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் ஏழு நுழைவுச் சீட்டுகள் இருந்தன. ஊருக்கு வெளியே இருந்த ஏரிப் பூங்காவின் சீட்டுகள். ரோகிணி அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினாள். முதல் சீட்டு 2006 ஆகஸ்ட் எட்டு, கடைசிச் சீட்டு அக்டோபர் பதினேழு. ஏழும் செவ்வாய்க்கிழமை. கடைசிச் சீட்டுக்கு ஒன்பதாம் நாள் அம்மா இறந்துபோனாள்.

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து இரண்டு வருடமாக அம்மாவுக்குச் சக்கர நாற்காலிதான். செவ்வாய்க்கிழமைகளில் சீனுவின் ஆட்டோவில் பிசியோதெரபிக்குப் போய்வந்தாள். அப்படித்தான் ரோகிணி நினைத்திருந்தாள். இப்போது அங்கே போன் செய்து கேட்டாள்.

"ஆகஸ்ட்லருந்து அவங்க வர்றதே இல்லையே மேடம்."

ரோகிணிக்குக் கல்பாக்கத்தில் வேலை. பாரந்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பாள். கையெழுத்துப் போடும் முன் சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். சீனு மூன்று மாதமாகப் பொய் சொல்லியிருக்கிறான். தீபாவளியன்று அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, அதற்கு நான்கு நாள் முன்பு அவளை ஏரிக்கரைக்குக் கொண்டுபோயிருக்கிறான். நுரையீரலில் சளி என்றார் டாக்டர். அந்தச் சளி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

டிசம்பரில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு சீனுவையே கூப்பிட்டாள்.

"எங்க மேடம்?"

"ஏரிப் பூங்கா."

கண்ணாடியில் அவன் கண்கள் ஒருமுறை வந்து போயின. "அங்க இன்னா கீது மேடம், சும்மா தண்ணி."

"சும்மா பார்க்கத்தான்."

எந்தத் திருப்பத்திலும் அவன் வழி கேட்கவில்லை. அதை ரோகிணி குறித்துக்கொண்டாள்.

ஜூலையில் அம்மாவை அவளே ஒருமுறை இங்கே அழைத்து வந்திருந்தாள். சக்கர நாற்காலிக்கென்று ஏரியைச் சுற்றிப் பாதை போட்டிருப்பதாகப் பேப்பரில் வந்திருந்தது. கைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துச் சரிவில் வைத்துப் பார்த்தாள். "எட்டுக்கு ஒன்னு. எட்டடிக்கு ஓரடி ஏறுது. பன்னெண்டுக்கு ஒன்னு இருக்கணும். இது பாதை இல்ல, சறுக்குமரம்." கேட்டருகிலேயே நாற்காலியைத் திருப்பிவிட்டாள்.

அம்மா ஏரியைப் பார்க்கவில்லை. சண்டையும் போடவில்லை. "எட்டுக்கு ஒன்னு. பன்னெண்டுக்கு ஒன்னு. சரி," என்றாள். அது அவள் பழக்கம். செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். எந்த எண்ணைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாள். வீட்டில் "இதோ வரேன்" என்று சொன்னால்கூட மணியைப் பார்ப்பாள்.

கேட்டில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த காசியம்மாள் ஆட்டோவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இன்னா சீனு, ரெண்டு மாசமா ஆளையே காணோம்? பெரிம்மா எங்க?"

சீனு மீட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நான் அவங்க பொண்ணு," என்றாள் ரோகிணி. "அம்மா போயிட்டாங்க. அந்தப் பதிவேட்டக் கொஞ்சம் காட்டுங்க."

காசியம்மாள் நோட்டை நீட்டினாள். பாதையில் போகிற ஒவ்வொருவரும் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எழுத வேண்டும். மற்றவர்கள் பத்து மணி, பத்தரை என்று எழுதியிருந்தார்கள். அம்மா மட்டும் 9.47, 10.21 என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு முறையும் பெயருக்குப் பக்கத்தில் 48 + 12.

நாற்பத்தெட்டு அம்மாவின் எடை.

"இந்தப் பன்னெண்டு என்ன?"

காசியம்மாள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய மணல் மூட்டையை இழுத்து வைத்தாள். "இதான். மடியில வெச்சிகினுதான் போவாங்க. பாதைய ஏத்துக்கறதுக்கு மின்னாடி ஒன்னேகால் பங்கு எட ஏத்திப் பாக்கணுமாம். எம் பொண்ணு ஆபீசுல அப்டித்தான்னு சொல்வாங்க."

சாப்பிடும்போது ரோகிணி எப்போதோ சொன்னது. பாரந்தூக்கி எதையும் ஒன்றேகால் மடங்கு ஏற்றிப் பார்க்காமல் ஏற்க மாட்டோம் என்று. அம்மா அப்போதும் திருப்பிச் சொல்லியிருப்பாள்.

"மொத நாளே சூப்பர்வைசரைப் புடிச்சிகினாங்க," என்றாள் காசியம்மாள். "எட்டுக்கு ஒன்னு போட்டுக்கீற, பன்னெண்டுக்கு ஒன்னு போடு, எஞ்சினீர் சொல்லிக்கீறாங்கன்னு. அந்த ஆளு இன்னா பண்ணுவான்? மூணு எடத்துல ஒடச்சி மறுபடி போட்டான். ஒவ்வொன்னும் முடிய முடிய இவங்க வந்து ஒக்காந்து பாப்பாங்க."

ரோகிணி கடைசிப் பதிவுக்கு வந்தாள். அக்டோபர் 17. புறப்பட்ட நேரம் 9.52. திரும்பிய நேரம் காலியாக இருந்தது.

முப்பத்தொரு வருடத்தில் முடிந்த நேரம் எழுதாமல் ஒரு டிரங்க் கால் சீட்டைக்கூட அம்மா மூடியதில்லை.

"சீனு. இங்க வா. அன்னிக்கு என்ன ஆச்சு?"

அவன் நோட்டைப் பார்க்காமல் பேசினான். "கோடில பசங்க முகாம் போட்ற எடம் கீதுல்ல மேடம். கூடாரத்துல குந்திகினு ஒரு டீ குடிக்கணும்னு அவங்களுக்கு ஆச. பாத முடியற எடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவுல ஏழடி வெறும் மண்ணு. மழ புட்ச்சிகிச்சு. சக்கரம் எறங்கிட்ச்சு. நான் இஸ்து எடுக்கறதுக்குள்ள…"

"நனைஞ்சாங்களா?"

"நனஞ்சாங்க மேடம்."

"எவ்ளோ நேரம்?"

"இருவது நிமிசம் இருக்கும். நேரம் எழுதுங்கன்னு இவங்க நோட்ட குட்தாங்க. அம்மா எழுதல. டிரங்க் கால் இன்னும் முடியல, மறுபடி வந்து முடிக்கணும்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க திருப்பி இட்டாந்துடுவீங்களாம்."

ரோகிணி நோட்டில் அந்தக் காலி இடத்தை மறுபடி பார்த்தாள். இருபது நிமிடம். அதுதான் காரணமா என்று எந்த டாக்டரும் இனிச் சொல்லப்போவதில்லை. கேட்டில் நாற்காலியைத் திருப்பாமல் இருந்திருந்தால் தள்ளியது அவளாகத்தான் இருந்திருக்கும். மேகத்தைப் பார்த்திருப்பாள். குடையும் எடுத்து வந்திருப்பாள்.

"அந்த ஏழடி?"

"கல்லு பதிச்சிட்டாங்க," என்றாள் காசியம்மாள். "இன்னும் யாரும் நாற்காலில போய்ப் பாக்கல."

பூங்காவின் நாற்காலி ஒன்று கேட்டருகே மடித்து நின்றது. ரோகிணி அதை விரித்தாள். பிரேக்கை இரண்டுமுறை சோதித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மூட்டய மடில வெக்கட்டா?" என்றாள் காசியம்மாள்.

"வேணாம். நான் அறுபத்திரண்டு கிலோ."

சீனு தள்ளினான். ஏரி முழுதாக நிரம்பியிருந்தது. முதல் சரிவில் ரசமட்டத்தைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். பன்னிரண்டுக்கு ஒன்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சந்தேகம் வந்து இறங்கி மறுபடி வைத்துப் பார்த்தாள். அதுவும் சரியாக இருந்தது. கோடியில் நான்கு காக்கிக் கூடாரங்கள். பதித்த கற்களில் சக்கரம் ஒருமுறை தட்டிக்கொண்டு ஏறி உள்ளே போனது. உள்ளிருந்து பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

"மேடம், டீ வாங்கியாரவா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "வாங்கிட்டு வா," என்றாள்.

திரும்பி வந்ததும் நோட்டைக் கேட்டாள். புதிய வரியில் தன் பெயர், 62, புறப்பட்டது 10.36, திரும்பியது 11.19 என்று எழுதினாள். ஓரத்தில், இரண்டாவது கல் அரை அங்குலம் தூக்கியிருக்கிறது, சரிசெய்து தெரிவிக்கவும்.

காசியம்மாள் எட்டிப் பார்த்தாள். "பெரிம்மா நேரம் அப்டியே காலியா கீதே. அதையும் போட்டுடேன்."

"அது அவங்க பதிவு," என்றாள் ரோகிணி. "நான் எழுதக் கூடாது."

ஆட்டோவில் ஏறியபின் சீனு வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். கோபம் தீர்ந்ததா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தீரவில்லை.

"அடுத்த செவ்வாய் ஒன்பது மணிக்கு வந்துடு," என்றாள். "அந்தக் கல்ல சரி பண்ணாங்களான்னு பார்க்கணும்."

"அட்த்த செவ்வா. ஒம்பது மணி," என்று சீனு திருப்பிச் சொன்னான்.