அடுப்புக்கு முன்னால் இரண்டடி

துபாயில் ஒரு வில்லாவின் பின்வாசலில் வெயிலில் கிடந்த நீல ரப்பர் செருப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூளுகிறது. சமையல்கார அக்காவின் செருப்பு அது. அடுக்களைக்குள் செருப்பு கூடாது, வெள்ளைத் தரை கறுத்துவிடுமாம். வீட்டுக்கார மேடமும் நம் ஆள்தான், சென்னை. ஏதோ குளிர்தேசத்துக்குச் சுற்றுலா போய், அங்கே தரை வெதுவெதுப்பாக இருந்ததைக் கண்டு வந்து, தன் புது அடுக்களையிலும் டைலுக்கு அடியில் சூடேற்றும் ஒயர் பதிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். வெளியே கதவுப் பிடியைத் தொட்டால் கை சுடும் ஊர். உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்து நடுங்குவார்கள். அந்தக் குளிருக்குத் தரையைச் சுட வைக்க வேண்டும். காசு கொழுத்தால் இப்படியெல்லாம் தோன்றும் போல. ஒயர் விரிக்கப் போன எலக்ட்ரீஷியன் நான்.

அக்காவுக்கு ராமநாதபுரம் பக்கம். விடிந்ததிலிருந்து அடுப்பின் முன்னால்தான் நிற்பார். கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு நீலம் பாரித்திருக்கும். வலைபோல் பின்னிய ஒயரை நான் தரையில் விரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "தம்பி, அடுப்புக்கு முன்னால நான் நிக்கிற எடத்துல மட்டும் போடாம விட்ருங்களேன். சூடு ஏறுனா காலு வீங்கிப்போகும்." அதிலென்ன கஷ்டம்? இரண்டடி அகலத்துக்கு விட்டுவிட்டேன்.

டைல் ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்தபின் சூடு போட்டுப் பார்த்த அன்று, மேடம் வெறுங்காலோடு நடந்து பார்த்தார். அடுப்பருகே வந்ததும் நின்றுவிட்டார். "இங்க மட்டும் ஏன் ஜில்லுனு இருக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நாந்தான் மேடம் கேட்டேன்" என்று கால் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மேடம் அந்தக் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கிச்சன் யாருக்காகக் கட்றோம், உனக்கா?" கூட இருந்த எங்கள் சூப்பர்வைசர் "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தி அங்கேயே உடைக்கச் சொன்னான். புத்தம்புது டைலை உடைத்து, அந்த இடத்துக்கென்று தனியாக ஒரு சின்ன வலை வாங்கிப் பதித்தோம். இந்த அம்மாள் இந்த அடுப்பில் ஒரு தோசையாவது வார்த்ததுண்டா என்று, உளி விழும்போதெல்லாம் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

சென்ற குளிர்காலத்தில் சுவிட்ச் கோளாறு என்று கூப்பிட்டார்கள். அடுப்படியில் வேறொரு பெண், காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி நின்றிருந்தாள். அக்கா எங்கே என்று கேட்டேன். "அவளுக்குக் கால் வீங்கி நிக்கவே முடியல, ஊருக்கு அனுப்பிட்டோம்" என்றார் மேடம், பழைய மிக்சியை மாற்றியதைச் சொல்வது போல. கோளாறைச் சரிசெய்தேன். பிறகு சுவிட்ச் பெட்டிக்குள் அடுப்படி வலைக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றி, டேப் சுற்றி, உள்ளே தள்ளி மூடினேன்.

"அடுப்புகிட்ட இனிமே சூடு வராது மேடம். வரணும்னா மறுபடி டைலை உடைக்கணும்."

"ஐயோ, வேணாம்பா. அங்க யாரு நிக்கப் போறா!"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்வாசலில், அதே இடத்தில், அந்தப் பெண்ணின் செருப்பு வெயிலில் கிடந்தது.