கண்ணாடியில் விழுந்த முகம்

தாராவியில் என் போட்டோ ஸ்டுடியோவுக்கு அவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். பை தைப்பவர், சட்டையெல்லாம் நூல் பிசிறு. ஊருக்கு ரயிலேறிய மகனை, பிளாட்பாரத்தில் நின்றபடி ஏசி பெட்டியின் கண்ணாடி வழியாகப் போனில் படமெடுத்திருந்தார். மகன் ஊர் போய்ச் சேரவில்லை. 'காணவில்லை' நோட்டீஸுக்கு வேறு படமில்லை. கண்ணாடியில் விழுந்த அவர் முகம் மகன் முகத்தை மறைத்திருந்தது. போனைத் தரும்போதெல்லாம் திரையைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைப்பார்.

"எம் மூஞ்சிய மட்டும் எடுத்துருங்க, தம்பி."

எடுத்தேன். மறைந்திருந்த கண்ணையும் மூக்கையும் மென்பொருள் தானாகவே வரைந்துகொண்டது.

"இது வேற எவனோ. எம் மவன் இல்ல. இன்னொருக்கா பாருங்க."

ஒவ்வொரு முறையும் திரையில் வேறொரு பையன்தான் வந்தான். மூன்றாம் நாள், "இருக்கபடியே போடுங்க" என்றார்.

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் சுவரில் அந்த நோட்டீஸ் இன்னும் இருக்கிறது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகங்களோடு. அவரையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.