வைக்கோல் தொப்பி அணிந்த தளபதி

சாரல் காலத்தில் அந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தால் ஈரச் செருப்புகளின் ரப்பர் வாடையும், சூடேறிய கணினிகளின் தூசி வாடையும் கலந்து மூக்கில் ஏறும். தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அது. என் பன்னிரண்டாம் வகுப்பின் குற்றாலச் சீசன் மாதங்கள் அந்த வாடையில்தான் கழிந்தன.

நானும் என் வகுப்புத் தோழன் மைதீனும் சேர்ந்து ஒரு கோட்டையை ஆண்டோம். பல நாட்டு ஆட்களும் மோதிக்கொள்ளும் ஆன்லைன் போர் விளையாட்டு அது. இருவருக்கும் ஒரே கணக்கு; உள்ளூர்க்காரனான மைதீன் காலையில் பள்ளி தொடங்கும் முன் உட்காருவான், பக்கத்து இலஞ்சியிலிருந்து வரும் நான் பள்ளி விட்ட பிறகு உட்காருவேன். எங்கள் தளபதிக்கு இரண்டு உடுப்புகள் இருந்தன. இரும்புத் தொப்பியும் கவசமும் அணிந்தால் கோட்டையின் தற்காப்பு கூடும். வைக்கோல் தொப்பியும் அரிவாளும் எடுத்தால் விளைச்சல் கூடும். இரண்டையும் ஒருசேர அணிய முடியாது. பகலுக்கு வைக்கோல், மாலைக்கு இரும்பு என்று மாற்றுவதை "சட்ட மாத்து" என்போம்.

பரீட்சை முடிந்ததும் மைதீனை சவுதியில் இருந்த மாமாவிடம் அனுப்புவதென்று அவன் வீட்டில் முடிவாகியிருந்தது. "அங்கனயும் நெட்டு இருக்கும்லே. கோட்ட மட்டும் நின்னாப் போதும், நான் ஊர விட்டுப் போன மாதிரியே இருக்காது" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மைதீன், பெரிய கூட்டணி ஒன்றின் படை எங்களை நோக்கிப் புறப்பட்டிருந்ததைத் திரையில் கண்டான். அது வந்து சேர இரவாகும். பகல் விளைச்சலை விட மனமில்லாமல் தளபதியை வைக்கோல் தொப்பியோடே விட்டுவிட்டு, வகுப்பில் என்னிடம், "சாயங்காலம் மறந்துராத, சட்ட மாத்திரு" என்றான். மாலையில் நான் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தால் சென்டர் அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு, குற்றாலத்தில் அவர் மச்சான் போட்டிருந்த பழக்கடைக்குப் போய்விடுவார். சீசனுக்குச் சீசன் நடப்பதுதான். அன்று எங்கள் இருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மற்ற சென்டர்களில் விளையாட விடமாட்டார்கள்.

மறுநாள் காலை இருவரும் போய்ப் பார்த்தபோது, கோட்டை இருந்த இடத்தில் புகை எழும் படம் மட்டும் இருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வைக்கத் தொப்பியப் போட்டுக்கிட்டா சண்டைக்கு நிப்பான்? போங்கலே, வேற கோட்ட கட்டிக்கிடலாம்." ஆளுக்கொரு ரம்புட்டான் பழத்தை நீட்டினார். மைதீன் வாங்கவில்லை.

"இரும்புத் தொப்பி போட்டிருந்தா நின்னுருக்குமாலே?" என்று என்னைக் கேட்டான்.

கணக்கு எப்போதும் என் பொறுப்பு. அந்தத் தொப்பி, ஏற்கெனவே இருக்கிற பலத்தோடு நூற்றுக்கு இருபது கூட்டும், அவ்வளவுதான். நூறு உள்ளவனுக்கு இருபது கிடைக்கும். ஆயிரம் உள்ளவன் அதே தொப்பியைப் போட்டால் இருநூறு கிடைக்கும். எங்களுக்கு இருந்ததோ கொஞ்சம். கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "நிக்காது" என்றேன். அந்தப் பதிலுக்கு வாடிய அளவு, கடை பூட்டியிருந்ததற்குக்கூட அவன் வாடவில்லை. அதன்பிறகு அவன் சென்டருக்கு வரவேயில்லை.

இந்தச் சாரலில் மைதீன் ஊருக்கு வந்திருக்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. வெல்டிங் படித்தான், ஃபோர்க்லிஃப்ட் உரிமம் எடுத்தான், அரபி எழுதப் பழகினான். ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொண்டு சவுதிக்குத் திரும்பிப் போனபோதும் சுமை தூக்கும் வேலையே காத்திருந்தது. கல்லூரி முடித்து வந்தவர்கள் அதே உரிமத்தோடு மேற்பார்வையாளர்களானார்கள். சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்த விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். விழுந்த கோட்டையின் புகைகூட எங்கும் இல்லை.

நேற்று அந்தக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, பிளாஸ்டிக் உறையிலிருந்து புதிய சான்றிதழ் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தான். ஏசி மெக்கானிக் பயிற்சி.

"இத வச்சு இனி இங்கனயே நின்னுக்கிடலாமாலே?"

முழுவதும் படித்தேன். நனையாமல் உறைக்குள் திரும்பப் போட்டேன்.

"ரெண்டு எடத்துல கேட்டுப் பாப்போம்லே" என்றேன்.