வள்ளம் உங்கடை பக்கம் சரியுது, ஐயா

போன வெள்ளிக்கிழமை வல்வெட்டித்துறையில் ஒரு பிரதம விருந்தினர் தன் கதிரையைத் தானே தூக்கினார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். எங்களூர்க்காரர் கேட்கமாட்டார்கள். இங்கே பிரதம விருந்தினர் என்றால் மாலை போட்டு, பான்ட் வாத்தியத்தோடு கூட்டிவந்து, குத்துவிளக்கில் ஒரு திரியைக் கொளுத்தவைத்து, மேடையில் மெத்தைக் கதிரையில் இருத்துவோம். இருத்தினால் இருத்தினதுதான். பிறகு அவர் எழும்புவது பேசுவதற்கும் வீட்டுக்குப் போவதற்கும் மட்டும். கதிரையைத் தூக்குவதா? அதுவும் பிள்ளைகளின் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது?

அந்தப் பழியில் எனக்கும் பங்கு இருப்பதால், முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

சுகந்தி ஒருகாலத்தில் என் நாடகமொன்றில் ராணியாக நடித்தவர். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு ரீச்சர். ராஜ்ஜியம் சுருங்கிவிட்டாலும் குரல் சுருங்கவில்லை. தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் கேட்டேன்.

"சேர், ஒருக்கா வந்து என்ரை பிள்ளையளைப் பாருங்கோ. வகுப்பிலை குரங்குக் கூட்டம். மேடையிலை ஏத்தினால் தந்திக் கம்பம் மாதிரி நிக்குதுகள். பரிசளிப்பு விழாவிலை நாடகம் சரிவரேல்லை எண்டால் எங்கடை நாடகப் பாடவேளையை அதிபர் எடுத்துப்போடுவார்."

"எடுத்து?"

"வேறை என்ன, புலமைப்பரிசிலுக்குத்தான்."

அந்தச் சோதனை ஐந்தாம் ஆண்டில்தானே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் பிள்ளை பால்போத்தலை விட்டவுடன் மாதிரி வினாத்தாளைப் பிடித்துவிடும். கிழமைக்கு ஒரு பாடவேளை பிள்ளைகள் சும்மா குதிக்கிறார்கள் என்றால் எந்த அதிபருக்குத்தான் மனம் பொறுக்கும்?

"எங்கடை வகுப்பிலை கம்சிகா எண்டு ஒருத்தி இருக்கிறாள்," என்றார் சுகந்தி, குரலை முதல்முறையாகத் தாழ்த்தி. "கேள்வி கேட்டால் நிலத்தைப் பாப்பாள். அந்தப் பாடவேளையிலை மட்டும்தான் வாய் திறக்கிறவள். அதையும் எடுத்தால் நான் என்ன செய்யிறது சேர்?"

போனேன். பிள்ளைகளை மேடையில் ஏறச் சொன்னேன். ஏறினார்கள் — உயரப்படி! சொல்லாமலே கையை நீட்டி, இடைவெளி பார்த்து, ஒரே வரிசை. காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற அதே நிலை. பின்னால் அவ்வளவு பெரிய மேடை வெறுமையாகக் கிடக்கிறது. நடுவில் ஒரு மைக். அம்மாவாக நடிக்கும் பிள்ளை மைக்குக்கு வந்து, "மகளே, சாப்பிட வா" என்று மைக்கைக் கூப்பிடும். மகள் வந்து, "பசிக்கேல்லை அம்மா" என்று மைக்குக்குப் பதில் சொல்லும். இருவரும் வரிசைக்குத் திரும்புவார்கள். தாயும் மகளும் கடைசிவரை முகம் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லலாமா? நிமிர்ந்து நில், கையைக் கட்டு, வரிசை குலையாதே. நாங்கள் இடத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். பிறகு மேடையில் ஏற்றிவிட்டு, "சுதந்திரமா நடியுங்கோ" என்றால்?

மைக்கைத் தூக்கி ஓரமாக வைத்தேன். வெண்கட்டியால் மேடை முழுவதும் அடங்க ஒரு பெரிய வள்ளம் கீறினேன்.

"இதுதான் மேடை. எல்லாரும் ஏறியாச்சு. இப்ப எல்லாரும் இந்தப் பக்கம் வந்து நிண்டால் என்ன நடக்கும்?"

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "சரியும் சேர். பேந்து கவிழும்."

நிலத்தைப் பார்த்தபடிதான் சொன்னாள். அவள்தான் கம்சிகா. தகப்பன் கடலுக்குப் போகிறவர்.

அதற்குப் பிறகு நான் கற்பிக்க அதிகம் இருக்கவில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேர் நடக்கப் பழகியதே வள்ளத்துக்குப் பக்கத்தில்தான். ஒருவன் முன்னுக்கு, அணியத்துக்குப் போனால் இன்னொருவன் தானாகப் பின்னுக்கு வந்தான். இரண்டு பேர் இடப்பக்கம் சண்டை பிடித்தால் மூன்று பேர் வலப்பக்கம் ஓடினார்கள். எங்கே வெறுமையோ அங்கே ஒரு பிள்ளை. அதையே நாடகமாக்கினோம். நடுக்கடலில் காற்றில் அகப்பட்ட ஒரு வள்ளம் கரைக்கு வருகிறது. அவ்வளவுதான் கதை. சுக்கான் பிடிப்பது கம்சிகா.

தாய்மார் விட்டார்களா? "என்ரை பிள்ளை ஏன் சேர் மூலையிலை நிக்கிறா?" என்று ஒருவர் வாசலில் மறித்தார். "கனடாவிலை மாமா ஆக்கள் வீடியோவிலை பாக்கினம். நடுவிலை விடுங்கோவன்." வள்ளம் சரியும் என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குத்தான் எங்கோ சரிந்துவிட்டது என்ற கவலை தெரிந்தது.

விழா நாள். மண்டபத்துக்குள் போனேன். மேடைக்குச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். என் வள்ளம் அதற்கடியில் மூழ்கிவிட்டது. அது போகட்டும், மேடையின் வலது பாதி முழுவதும் விருந்தினர் கதிரைகள்!

"இவையளைக் கீழை இருத்தலாமே?" என்று அதிபரைக் கேட்டேன்.

"என்ன கதை கதைக்கிறியள்? பிரதம விருந்தினரைக் கீழை இருத்தினால் ஊர் சிரிக்கும். பிள்ளையள் மற்றப் பாதியிலை செய்யட்டும். சின்னப் பிள்ளையள்தானே, உதிலை கொள்ளுவினம்."

பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாரும் "ஓம் சேர்" என்றார்கள். இத்தனை காலம் பிள்ளைகளோடு மாரடித்தும், அந்த 'ஓம் சேர்' எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு மறந்துபோயிற்று.

நாடகம் தொடங்கியது. காற்று வந்தது. பிள்ளைகள் ஆடினார்கள், சாய்ந்தார்கள். ஆனால் என்னவோ வழக்கம்போல இல்லை. ஒவ்வொருவராக இடது ஓரத்துக்குப் போனார்கள். விளிம்பில் நின்று, உடம்பை வெளியே வளைத்து, முழுப் பாரத்தையும் அங்கே போட்டார்கள். ஏன் இப்படி ஒதுங்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கம்சிகாவுக்கு விளங்கியிருந்தது. சுக்கானை விடாமல் வலப்பக்கம் திரும்பினாள். மைக் இல்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

"ஐயா, வள்ளம் உங்கடை பக்கம் சரியுது. கொஞ்சப் பேர் இஞ்சாலை வாங்கோ."

திரைக்குப் பின்னால் சுகந்தி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அதிபரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. போச்சு, பாடவேளை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிரதம விருந்தினர் யார் என்று சொல்லவில்லையே. சரக்குக் கப்பலில் கப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் தன் பக்கத்தைப் பார்த்தார். எல்லாரும் நல்ல தேகக்காரர். மற்றப் பக்கத்தைப் பார்த்தார். விளிம்பில் வளைந்து நிற்கும் குஞ்சுகள். கப்பல் ஓட்டின மனுசனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எழும்பினார். மாலையோடு கதிரையைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

"இது போதுமோ, தண்டையலே?"

பாய்க்கப்பல் காலத்தில் கப்பல் தலைவனை எங்கள் கரையில் அப்படித்தான் அழைப்பார்கள்.

கம்சிகா யோசித்தாள். "இன்னும் ரெண்டு பேர் வேணும்."

கப்டன் திரும்பி மற்ற விருந்தினரைப் பார்த்தார். "எழும்புங்கோவன். என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? தாழப் போறியளோ?"

ஒரு வங்கி முகாமையாளரும் ஒரு கல்வி அதிகாரியும் பொன்னாடையோடு கதிரை தூக்கிய காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வள்ளம் நிமிர்ந்தது. கரைக்கும் வந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. மூலையில் நின்ற பிள்ளைக்குப் பக்கத்தில் கப்டன் வந்து இருந்ததால், கனடா மாமா ஆக்கள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

அதிபர் மட்டும் அசையவில்லை. "நாடகம் நல்லதுதான். ஆனால் ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கெல்லோ," என்றார். "திங்கட்கிழமை முடிவு சொல்லுறன்."

திங்கட்கிழமை நானும் போயிருந்தேன். மண்டபத்தில் புலமைப்பரிசில் வகுப்பு நடந்தது. அதனால் வகுப்பறையிலேயே மேசைகளை ஒதுக்கி, நிலத்தில் வள்ளம் கீறினோம். பிள்ளைகள் ஏறிப் பாதி வழி போயிருப்பார்கள். அதிபர் உள்ளே வந்தார். கையில் ஒரு கட்டு மாதிரி வினாத்தாள். சுகந்தியின் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கட்டைப் பார்த்த பிறகு முடிவைக் கேட்கவா வேண்டும்?

"ரீச்சர்..." என்று அவர் தொடங்கினார்.

"சேர், கடலுக்குள்ளை நிக்கிறியள்," என்றாள் கம்சிகா. நிலத்தைப் பார்க்கவில்லை. அவரை நேரே பார்த்துச் சொன்னாள். "ஒண்டில் ஏறுங்கோ, இல்லாட்டில் கரைக்குப் போங்கோ."

அதிபர் கீழே பார்த்தார். வெண்கட்டிக் கோட்டுக்கு வெளியே அவருடைய சப்பாத்து. அவளைப் பார்த்தார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று அவருக்கும் தெரியும். வினாத்தாள் கட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். காற்சட்டையை நனையாமல் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி ஏறினார்.

மணி அடிக்கும்வரை இறங்கவில்லை. போகும்போது வினாத்தாள் கட்டையும் எடுத்துக்கொண்டு போனார். பாடவேளை தப்பியது.

என்ன, அவர் ஏறினபோது மட்டும் அரைவாசி வகுப்பு மற்றப் பக்கம் ஓடவேண்டியிருந்தது.