ஒரு தும்மலுக்கான சத்தியக்கடதாசி

அது சிரிப்புப் படம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான் நண்பரை அழைத்துப் போயிருக்கவே மாட்டேன். சிரிக்காமல் இருக்க அவர் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அழைத்துப் போனேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ரொறன்ரோ நகரின் நடுவில், பிறமொழிப் படங்கள் காட்டுகிற பழைய தியேட்டர் ஒன்று இருந்தது. ஆங்கிலப் பத்திரிகையின் மூலையில் அதன் விளம்பரம்: இத்தாலியப் படம், பாசிச ஆட்சி, போர்க்காலம். அதற்குக் கீழேயும் ஏதோ ஒரு வரி இருந்தது. நான் படிக்கவில்லை. சிறுபத்திரிகை படித்துக் கெட்டுப்போனவனுக்கு அவ்வளவே போதும். இத்தாலி, போர் என்றால் கறுப்பு வெள்ளையில் மழை பெய்யும், யாரோ பசியோடு நடப்பார்கள், கடைசியில் பார்க்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். படம் பார்க்காமலே நான் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன்.

முதலில் மனைவியைத்தான் கேட்டேன்.

"படத்துக்குக் கீழை ஓடுற எழுத்தை வாசிக்கிறதுக்கு நான் ஏன் பஸ்ஸும் ட்ரெயினும் ஏறிப் போகோணும்? வீட்டிலை பேப்பர் கிடக்கு" என்றாள்.

நண்பர் பிக்கரிங்கில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசை. நாங்கள் கார் உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிறவர்கள். என்னைவிட ஆறேழு வயது இளையவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அவருடைய கேஸ் முடியும் வரை காத்திருந்தார்கள். அகதியாக ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். இல்லையென்றால் இவரையே திருப்பி அனுப்புவார்கள். விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

அவருடைய கேஸை எழுதியவன் நான். அந்தக் காலத்தில் நாங்கள் குடியிருந்த ஸ்காபரோவில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு உபதொழில். வந்தவர் தமிழில் சொல்லுவார், நாங்கள் ஆங்கிலத்தில் எழுதுவோம், லோயர் அதைத் திருத்திக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார். நான் ஒரு இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதிவந்தேன். பலசரக்குக் கடைகளில் அதை முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். முருங்கைக்காய் முதலில் முடிந்துவிடும். ஆனால் கேஸ் எழுதும்போது மட்டும் நான் வேறு ஆள். சிரிப்பு மருந்துக்கும் இராது. வெடி, ஓட்டம், சிறை, பயம் என்று அளந்து போடுவேன். என் பத்தியைப் படித்து யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. என் கேஸ்களைப் படித்து இரண்டு லோயர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

நண்பரின் சிக்கல் என்னவென்றால், அவருக்குச் சோகமாகச் சொல்லத் தெரியாது. மதியச் சாப்பாட்டு அறையில் அவர் தன் கதையைச் சொன்னால் நாற்பது பேர் சோற்றை மூக்கால் விடுவார்கள். யாழ்ப்பாணத்தில் இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்தும். தலையில் சாக்கு மாட்டிய ஒருவனைக் கண் ஓட்டையோடு முன்னால் கொண்டுவருவார்கள். அவன் எவருக்கு எதிரே தலையை ஆட்டுகிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்று பெயர். நண்பரைப் பிடித்ததும் அப்படித்தான்.

"அண்டைக்கு ஆமிக்காரருக்குச் சாக்குத் தட்டுப்பாடு போலை" என்று அவர் தொடங்குவார். "செத்தல் மிளகாய்ச் சாக்கைக் கவிட்டுக் கொண்டந்தாங்கள். உள்ளுக்கை நிண்டவன் பாவம், மூச்செடுக்கேலாது. எங்களுக்கு முன்னாலை வந்தவுடனை தும்மினான். தும்மினால் தலை ஆடும்தானே? ஒருத்தன் போனான். திருப்பித் தும்மினான். மற்றவனும் போனான். மூண்டாவது நான். நாலாவதா நிண்டவன் கடவுளேயெண்டு கும்பிட்டுக்கொண்டு நிக்கிறான். தும்மல் முடிஞ்சுபோச்சு."

அதற்குப் பிறகு பதினான்கு மாதச் சிறை. அதை அவர் சொல்லவே மாட்டார். முதுகைப் பார்த்தால் தெரியும்.

நான் எழுதியது இது: 'முகமூடி அணிந்த ஒருவர் என்னை அடையாளம் காட்டினார்.' தும்மலை வெட்டிவிட்டேன். மிளகாய் வேண்டவே வேண்டாம் என்று தோன்றியது. லோயரும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, இந்த மனிதர் விசாரணைப் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் சிரிக்கிறார், சிரிக்கிறவரை எப்படி நம்புவார்கள், ஏதாவது செய் என்றார். ஏதாவது செய்வதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். இரண்டு மணி நேரம் இத்தாலியச் சோகத்தைப் பார்த்தால் முகம் கொஞ்சமாவது இறங்கும் என்பது என் திட்டம்.

படம் வண்ணத்தில் இருந்தது. அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

மலைமேல் ஒரு சின்ன ஊர். சனிக்கிழமைதோறும் ஆண்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சதுக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது கட்சியின் கட்டளை. ஒரு வீட்டில் மூன்று சகோதரர்கள், ஒரே ஒரு சட்டை. கட்சி அதிகாரி பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒருவன் கையை உயர்த்தி வணக்கம் வைத்துவிட்டுப் பின் ஒழுங்கையால் ஓடிச் சட்டையைக் கழற்றுகிறான், அடுத்தவன் போட்டுக்கொண்டு ஓடிவருகிறான். மூத்தவன் பருமன், கடைசி ஆள் ஈர்க்கு. மூத்தவன் போட்டுக் கழற்றினால் ஒரு பொத்தான் குறையும். அதிகாரிக்குக் கண் தெரியாது, ஆனால் கண்ணாடி போட்டால் வீரம் குறைந்துவிடும் என்று போடுவதில்லை.

நண்பருக்கு நான் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. முதல் ஐந்து நிமிடத்தோடு அது தேவைப்படவில்லை. சட்டைக்காக ஒருவன் கோழிக்கூட்டுக்குள்ளால் பாய்வதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முன் வரிசையில் இருந்த இத்தாலியக் கிழவி ஒருவர் திரும்பிப் பார்த்தார், பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார். அரங்கு முழுவதும் சிரித்தது. நான் மட்டும் வேலை கெட்டுப்போன ஆசிரியரைப்போல இருந்தேன்.

பாசிசம் என்ற சொல்லை நான் வாழ்நாளெல்லாம் கட்டுரைகளில் எறிந்திருக்கிறேன். எனக்குக் கடிதம் போடாத பத்திரிகை ஆசிரியர்கள்மீதுகூட எறிந்திருக்கிறேன். அதற்குள் ஒரு சட்டைப் பிரச்சினை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பாதிப் படத்துக்குப் பிறகு ஊர்த் தபால்காரன் மூன்று சகோதரர்களையும் காட்டிக்கொடுக்கிறான். கட்சி அலுவலகத்தில் போய் நின்றதும் பயத்தில் அவனுக்கு விக்கல். பெயரைச் சொல்ல வாயெடுத்தால் விக்கல் வருகிறது. அதிகாரி அவனுக்குத் தண்ணீர் பருக்குகிறார். அரங்கு குலுங்கியது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். நண்பர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். போர் முடிந்து ஊரவர்கள் தபால்காரனைத் தண்ணீர்த்தொட்டிக்குள் தள்ளிக் கைதட்டியபோதும் அப்படியேதான் இருந்தார்.

என் திட்டம் கொஞ்சம் பிந்திப் பலிக்கிறது என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

வெளியே வந்து ஒரு டோனட் கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு இருந்தோம்.

"பாவம் அந்தத் தபால்காரன்" என்றார்.

"காட்டிக்குடுத்தவன் எல்லே?"

"ஓம். எண்டாலும் பாவம்." கோப்பியில் சீனியைக் கலக்கிக்கொண்டே, "அண்ணை, நீங்கள் எழுதின கேஸிலை தும்மல் இல்லை என்ன?" என்று கேட்டார்.

"இல்லை. உமக்கு வாசிச்சுக் காட்டினனான்தானே. அப்ப தலையாட்டினீர்."

"எனக்கு இங்கிலீஷ் விளங்கேல்லை. தும்மல் வேணும். போடுங்கோ."

"உமக்கென்ன விசரே? பகிடி எண்டு நினைப்பினம். பேப்பரிலை ஒண்டு, வாயிலை இன்னொண்டு சொன்னால் கேஸ் முடிஞ்சுது. மனுசி பிள்ளையளை யோசியும்."

"அடையாளம் காட்டினான் எண்டு நான் வாயாலை சொல்லமாட்டன் அண்ணை. அவன் தும்மினவன். இத்தினை வெள்ளைக்காரர் பகிடியைப் பாத்து நம்பேல்லையே? இவையளும் நம்புவினம்."

ஸ்காபரோ வந்து சேரும் வரை வாதாடினோம். அவ்வளவு பிடிவாதம் அவரிடம் நான் கண்டதில்லை. வேலையில் மேற்பார்வையாளர் பெட்டியைத் தலைகீழாக அடுக்கச் சொன்னால்கூட அடுக்குகிறவர்.

அடுத்த நாள் வேலை முடிந்து லோயரிடம் போனேன். அவர் மேசையில் கோப்புகள் கழுத்தளவு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மாற்றம் செய்யலாம், ஆனால் முதலில் ஏன் விடுபட்டது என்று யாராவது சொல்ல வேண்டும் என்றார். ஏன் விட்டாய்? சிரிப்பாக இருந்தது, அதனால் விட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நீ என்ன தொழில் என்று கேட்டார்.

அப்படித்தான் நான் என் வாழ்க்கையின் ஒரே சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தேன். மேற்படி மூன்று தும்மல்களையும் விண்ணப்பதாரர் என்னிடம் கூறினார் என்றும், அவை நகைப்புக்கு இடமளிக்கும் என்று கருதி நானே நீக்கினேன் என்றும் அதில் இருந்தது. இருபது வருடம் எழுத்தில் சிரிப்பைக் கொண்டுவரப் பாடுபட்டவன், ஒரு நல்ல சிரிப்பை வெட்டியதற்குச் சட்டப்படி சாட்சி.

விசாரணை அன்று என்னையும் உள்ளே அழைத்தார்கள். தீர்ப்புச் சொல்லும் அம்மையார் களைத்த முகத்தோடு கடதாசியைப் படித்தார். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்றேன். நம்புவது என் வேலை, உங்கள் வேலையல்ல என்றார். அதோடு என் சாட்சியம் முடிந்தது. பின்கதிரையில் இருக்க விட்டார்கள்.

பிறகு நண்பரைக் கேட்டார். சாக்குக்குள் இருந்தவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை. அது தலையசைப்பா, தும்மலா என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார். நண்பர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சாப்பாட்டு அறையில் கதை தொடங்குமுன் வருகிற அந்தப் பாதிச் சிரிப்பு முகத்தில் வந்து, நிற்காமல் போய்விட்டது.

"அந்தத் தும்மலை எனக்குத் தெரியும். அவன் எப்பவும் ஒரேயடியா மூண்டு தரம்தான் தும்முவான்."

யார் என்று கேட்டார்.

"என்ரை மனுசின்ரை தம்பி."

அவர் இப்போது எங்கே?

"தெரியாது. அதுக்கு ஒரு கிழமைக்கு முதல்தான் அவனை ஆமி பிடிச்சது. அண்டைக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லை."

அம்மையார் பேனையை வைத்துவிட்டார். அப்படியானால் அவர் உங்களைக் காட்டிக்கொடுத்தாரா, தும்மினாரா?

"அது எனக்கும் தெரியாது அம்மா. நான் தும்மல் எண்டுதான் வைச்சிருக்கிறன்."

மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு தரம் வேறு வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தரம் சரியாக வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நண்பர் சொன்னார்: "மனுசிக்கு நான் ஆள் ஆரெண்டு சொல்லேல்லை. மிளகாய்ச் சாக்கு, தும்மல் எண்டு மட்டும் ஃபோனிலை பகிடியாச் சொன்னனான். எத்தினை தரம் எண்டும் சொல்லேல்லை. சொன்னால் அவளுக்கு விளங்கிப்போடும்."

"நான் ஏன் சொல்லப்போறன்" என்றேன்.

சில கிழமைகளில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. குடும்பம் வந்துசேர இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. வந்த அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மதியம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். என் மனைவிக்கு வேலை, நான் மட்டும் போனேன். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். பிள்ளைகள் உள்ளறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் வீரத்தை, அதாவது லோயர் மேசை, சத்தியக்கடதாசி, அம்மையாரிடம் வாங்கிக் கட்டியது எல்லாவற்றையும் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பத்தியில் வராத சிரிப்பெல்லாம் அன்று வாயில் வந்தது. நண்பரின் மனைவியும் சிரித்தார்.

"அப்ப அது மெய்தானோ அண்ணை? நான் இவர் பகிடிக்குச் சொல்லுறார் எண்டெல்லோ நினைச்சன்."

"மெய் பிள்ளை. சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தனான். மூண்டு தும்மல், மூண்டு பேர்."

சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு. நண்பரின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சோற்றுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

அவர் மனைவி கறிச் சட்டியைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

"அவனுக்குச் சின்னனிலையிருந்தே மிளகாய்த்தூசி ஒத்துக்கொள்ளாது" என்றார். "அம்மா மிளகாய் வறுக்க வெளிக்கிட்டால் றோட்டுக்கு ஓடிடுவான்."

உள்ளே தொலைக்காட்சியில் யாரோ ஆங்கிலத்தில் எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் அகப்பையை எடுத்து முதலில் கணவனுடைய கோப்பைக்கு ஒரு கரண்டி கறி விட்டார். பிறகு எனக்கு விட வந்தார். கோப்பையை நீட்டினேன்.