கஞ்சியில் உரித்த உறை

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் புடவைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் ஒரு சாமான் கடைக்கு மேலே எங்களுக்கு ஓர் அறை. நான் விஞ்ஞான டீச்சர், ஹட்டனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். என்னுடன் தங்கியிருந்தவள் அதே பள்ளிக்கூடத்தின் மனையியல் டீச்சர், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் அது முதல் நியமனம். ஆளுக்கு நான்கு நூல் புடவைகள்தான். அவற்றை விறைப்பாகக் கட்டிக்கொண்டு போனால்தான் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எங்களை டீச்சர் என்று நம்புவார்கள் என்று நினைத்திருந்தோம்.

மரவள்ளிக்கிழங்கைத் துருவித் துணியில் பிழிந்து, அடியில் தங்கும் வெள்ளை மாவைக் காய்ச்சுவது அவளுடைய கஞ்சி. முந்தின வாரம் காய்ச்சியது கொஞ்சம் ஒரு தட்டில் மிஞ்சி, கழுவாமல் ஜன்னலோரம் கிடந்தது. யார் கழுவுவது என்று சண்டை போட்டபடியே நான் நகத்தால் சுரண்டினேன். ஓரம் எழும்பியது. இழுத்தேன். தட்டின் அளவுக்கு, வட்டமாக, முழுசாக ஒரு தோல் உரிந்து கையோடு வந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். அதற்குள்ளால் எதிர்க்கடைப் பலகை தெரிந்தது.

“இங்க பாரு புள்ள, லன்ச் சீட்!” என்று கத்தினேன்.

லன்ச் சீட் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாள். எங்கள் குளிரில் வாழை நன்றாக வராது. இலை மலைக்குக் கீழே இருந்துதான் வரவேண்டும். அதனால் எல்லோரும் லன்ச் சீட்டுக்கு மாறிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கானில், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில், அது போய் அடைத்துக்கொண்டு, ஒரு மழையில் ஐந்தாம் வகுப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கானுக்குள் கையை விட்டு அந்தத் தாள்களை இழுத்தெடுத்தவள் நான். அதனால் கையில் அந்தக் கஞ்சித் தோல் வந்ததும் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

“திங்கலாம் போல இருக்கே. உப்புத்தான் பத்தல.”

அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

முதலில் அந்தத் தோலில் பேக்கரிப் பணிஸ் ஒன்றைச் சுற்றிப் பார்த்தோம். மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போனது. மறுபடி காய்ச்சினோம், மறுபடி நொறுங்கியது. நான்கைந்து தடவை நொறுங்கிய பிறகு ஒரு காலையில் அவள் ஜன்னலோரம் நின்று உதட்டுக்குக் கிளிசரின் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் உதடு வெடிக்காமலிருக்க எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு கிளிசரின் போத்தல் இருக்கும். அவள் சட்டென்று திரும்பினாள்.

“ஏ புள்ள, ஒதடு வெடிச்சா கிளிசரின் போடுறோம். இது வெடிச்சா ஏன் போடக்கூடாது?”

நான்கு வருடம் விஞ்ஞானம் படித்தவள் நான். ஆனால் அதை யோசித்தவள் அவள். கஞ்சி காயும்முன் கொஞ்சம் கிளிசரின் கலந்தோம். காய்ந்த பிறகு வந்த தோலை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன், விரித்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலில் ஏறி நின்று இரண்டு பேரும் கூச்சல் போட்டோம். கீழே கடைக்காரர் கம்பால் கூரைப் பலகையைத் தட்டினார்.

அடுத்த சிக்கல் கண்ணாடி. தட்டில் ஊற்றினால் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் வந்தது. சமமாக ஊற்ற ஒரு கண்ணாடி வேண்டும். அறையில் இருந்த கண்ணாடிகள் இரண்டு. ஒன்று என் மாதா படத்தில், மற்றது அவளுடைய முருகன் படத்தில். இரண்டு பேரும் அவரவர் படத்தின் முன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சட்டத்தைக் கழற்றினோம். முருகன் கண்ணாடியில் தோல் அழகாக உரிந்து வந்தது. மாதா கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகக் கிழிந்தது.

“பாத்தியா, எங்க சாமி ஒதவுது,” என்றாள் அவள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முருகன் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. தினமும் அவள் ஏற்றும் விளக்கின் எண்ணெய்ப் புகை அதில் படிந்திருந்தது! மாதா கண்ணாடியில் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தேய்த்து ஊற்றினேன். பட்டு மாதிரி உரிந்து வந்தது. அன்று முழுக்க அவளிடம் ஜெபமாலையை ஆட்டிக் காட்டிக்கொண்டே திரிந்தேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஊற்றிய கஞ்சி நான்கு நாளாகியும் காயவில்லை. ஐந்தாம் நாள் பச்சைப் பூஞ்சணம் பூத்தது. டிக்கோயாவில் அந்த மாதம் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், தோட்டத்து ஸ்டோர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கொழுந்து உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்தில் நின்றால் குடை தானாகக் காய்ந்துவிடும். நாங்கள் நேரே போய் டீமேக்கரிடம் கேட்டோம். கொழுந்து வந்து தூளாகிப் பெட்டிக்குப் போகும்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் அவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“டீச்சர்மாருங்க என்னா கொண்டாந்திருக்கீங்க? வாசம் உள்ள சாமானா? தேயில எல்லா வாசத்தையும் இழுத்துக்கும். ஒரு நாள் ஒருத்தன் கருவாட்டப் பொட்டலம் கட்டி மறந்து வச்சிட்டுப் போயிட்டான். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“வெறும் கஞ்சிதாங்க ஐயா. வாசமே இல்ல,” என்றேன்.

அவர் கஞ்சி ஊற்றிய கண்ணாடியைக் குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். “தேங்காயெண்ண,” என்றார். எங்கள் முகம் விழுந்ததைப் பார்த்து, டிரையரின் பின்பக்கம், தூள் வைக்காத ஒரு மூலையைக் காட்டினார்.

மறுநாள் போனபோது அவரே தோலை உரித்து வைத்திருந்தார். இரண்டு விரலில் பிடித்துக் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தோலில் தேயிலை வாசம் அடித்தது.

“நம்மகிட்ட இருந்து அது இழுத்துக்கிச்சு டீச்சர்,” என்று சொல்லி அவர் சிரித்தார். ஸ்டோரில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நுவரெலியாவில் விஞ்ஞானக் கண்காட்சி நடக்கப்போவதாகவும், ஆசிரியர்களுக்குத் தனிப் பகுதி உண்டென்றும் அறிவித்தல் வந்தது. அவள் பாலும் சீனியும் காய்ச்சி மில்க் டொபி கிண்டினாள். நாற்பது துண்டு. ஒவ்வொன்றையும் எங்கள் தோலில் சுற்றி முனையை முறுக்கினோம். தட்டில் அடுக்கியபோது நகைக்கடை மாதிரி மின்னியது. எங்களுக்குத் தூக்கமே வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. தலவாக்கலை தாண்டியதும் மழை சாய்ந்து அடித்தது. தட்டைத் துண்டால் மூடி மடியில் வைத்து அதன்மேல் குனிந்தேன், என்மேல் அவள் குனிந்தாள். நுவரெலியாவில் இறங்கித் துண்டை விலக்கிப் பார்த்தோம். மழை ஈரத்தில் தோல் கரைந்து, நாற்பது டொபியும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே செங்கல்லாகியிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து நான் அவள் முதுகைத் தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. பஸ் நிலையத்தில் இரண்டு டீச்சர்கள் ஒரு டொபிச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் சிரித்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கண்காட்சியில் அந்தக் கட்டியை அப்படியே மேசையில் வைத்தோம். பக்கத்தில் ஒரு கத்தி. நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர், பருத்த உடம்புக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “இது என்ன?” என்று கேட்டார்.

“உணவு சுற்றும் உறை சார். மரவள்ளியில செஞ்சது,” என்றேன்.

அவர் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு வெட்டினார். “டொபி நல்லா இருக்கு. உறை எங்க?”

“இப்ப உள்ள போச்சுதே சார், அதான்,” என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். மற்ற இரண்டு பேரும் அவருடைய வாயையே பார்த்தார்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டார்.

“தின்னாம வீசினா?”

“மண்ணுல மக்கிப் போயிரும் சார்,” என்றேன்.

“பாத்தீங்களா?”

நாங்கள் பார்த்திருக்கவில்லை. மக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் பார்த்ததில்லை. “பாத்துட்டுச் சொல்லுங்க,” என்று இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போனார். பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. கலந்துகொண்டதற்கு ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்துப் பூப்பாத்தியில் குழி தோண்டினோம். கொசுவுக்குக் கட்டும் பழைய நுளம்புவலையில் இரண்டு சிறு பை தைத்து, ஒன்றில் லன்ச் சீட் துண்டும் மற்றதில் எங்கள் தோலும் போட்டுப் புதைத்தோம். வலையில் போட்டால்தான், காணாமல் போனது மக்கிப் போனதா, வேறெங்கும் போனதா என்ற பேச்சு வராது. ஆறு வாரம் தொடக்கூடாது என்று ஒப்பந்தம். மூன்றாவது வாரமே அவள் கள்ளத்தனமாக மண்வெட்டியோடு நின்றதைப் பிடித்தேன். நானும் அதற்காகத்தான் அங்கே போயிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஆறாவது வாரம், மூன்றாம் பாடம் முடிந்த கையோடு தோண்டினோம். முதல் பை வந்தது. லன்ச் சீட் மண்ணைத் துடைத்தால் புதுசு, சோறு கட்டலாம். இரண்டாவது பையை அவள் பிரித்தாள். உள்ளே கறுப்பு மண். விரலால் கிளறினாள். ஒரு மண்புழு நெளிந்தது. வேறு எதுவும் இல்லை.

“இல்ல,” என்றாள். “புள்ள, இல்லவே இல்ல!”

நான் அவள் கையைப் பிடித்தேன், அவள் என் கையைப் பிடித்தாள், கஞ்சி போட்ட புடவைகளோடு சேற்றில் சுற்றிச் சுற்றிக் குதித்தோம். வகுப்பு ஜன்னல்களில் தலைகள் நிறைந்துவிட்டன. பள்ளிக்கூடத்து அதிபர் குடையோடு ஓடி வந்தார்.

“என்னா டீச்சர், என்னா கெடச்சிச்சு?”

“ஒண்ணுமே இல்லீங்க சார்!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார். அதற்குள் பிள்ளைகள் படியிறங்கி ஓடி வந்து குழியைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். பின்னால் நின்றவர்கள் தெரியவில்லை என்று கத்தினார்கள், முன்னால் நின்றவர்கள் இல்லாததைக் காட்டிக் காட்டிக் கை தட்டினார்கள். அன்றைக்கு நான்காம் பாடம் எந்த வகுப்பிலும் நடக்கவில்லை.