ரோட்டுக்கு அந்தப் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை, கல்லில் தோசை ஊற்றிய கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். தோசை கருகியதுதான் மிச்சம். ஸ்கூலிலிருந்து வந்த சர்க்குலர் அப்படி!

நான் இருக்கும் ஊர் ருவைஸ். அமீரகம் என்றதும் உங்கள் கண்ணில் வரும் பளபளப்பெல்லாம் இங்கே கிடையாது. ரிஃபைனரி, அதில் வேலை பார்ப்பவர்களின் குடியிருப்பு, கொஞ்சம் கடல்... அவ்வளவுதான். ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள் என்று இரண்டாவதாக ஒரு ஸ்கூல் கட்டிவிட்டார்கள். இனி மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருந்தால் பழைய ஸ்கூல். அந்தப் பக்கம் என்றால் புது ஸ்கூல்.

நாங்கள் இந்தப் பக்கம். என் மகள் யாழினியின் உயிர்த்தோழி ஹரிணி — அந்தப் பக்கம்.

இரண்டு பேரும் மூன்றாம் வகுப்பு. கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்ச். இவளுடைய தயிர்சாதம் அங்கே போகும், அவளுடைய சப்பாத்தி இங்கே வரும். யாழினி லேசில் யாரோடும் ஒட்டாதவள். தனியாக விட்டால் என்ன ஆவாள்?

அதற்குள் ஹரிணியின் அம்மா வித்யா போனில் வந்துவிட்டாள். கோயம்புத்தூர்க்காரி. கோபத்திலும் மரியாதை குறையாது.

“என்னங்க்கா இது அநியாயமா இருக்குது? ரோட்டைத் தாண்டுனா எங்க வீடு. அதுக்குப் போயி புள்ளைங்களப் பிரிப்பாங்களாங்க்கா?”

“விடக்கூடாது வித்யா. பிரின்சிபாலையே பாத்துருவோம்.”

நைட் டியூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “கல்லாஸ், முடிஞ்சுபோச்சு. அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நீ போய் என்ன பண்ணப்போற?”

இந்த மாதிரி அறிவுரையை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? வியாழக்கிழமை போய் நின்றோம்.

பிரின்சிபால் மேடம் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே வரும். நாங்கள் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து, “வாங்க” என்று யாழினியின் வகுப்புக்கே கூட்டிப் போனார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர். பைகளெல்லாம் வராந்தாவில். டீச்சர் பின்வரிசைக்குப் போக வேண்டுமென்றால் முன்வரிசை எழுந்து வழிவிட வேண்டும். பக்கத்து அறைக் கதவில் ‘லைப்ரரி’ என்று போர்டு — உள்ளே அலமாரிகளை ஓரங்கட்டிவிட்டு இரண்டாம் வகுப்பு நடக்கிறது.

“எல்லைக் கோட்டை எந்த ரோட்டுல போட்டாலும் ரெண்டு ஃபிரெண்ட்ஸ் பிரியத்தான் செய்வாங்க மேடம். எங்க போடலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றார். குரலில் குத்தல் இல்லை. அவருக்கும் வருத்தம்தான்.

என்னத்தைச் சொல்வது? வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போன இரண்டு பேரும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுத் திரும்பினோம்!

அன்று சாயங்காலம் வித்யா ஹரிணியோடு வீட்டுக்கு வந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கண்ணைத் துடைக்க, நானும் துடைக்க... செவ்வாய்க்கிழமையிலிருந்து வாயே திறக்காமல் இருந்த யாழினி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். ஜிகினா பேப்பர் சுற்றிய ஒரு பென்சில் பாக்ஸோடு வந்து ஹரிணி கையில் கொடுத்தாள்.

“டேக் கேர்” என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

“எதுக்குடி இது?” என்றேன்.

“ஹரிணி போறால்ல? அவங்க அப்பாவுக்கு விசா கேன்சல்தானே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த பாடம். அப்பாவின் கான்ட்ராக்ட் முடியும், விசா கேன்சலாகும், அடுத்த மாதம் அந்த பெஞ்சில் வேறு பிள்ளை உட்காரும். கேக், குரூப் போட்டோ, பார்க்கிங்கில் ஒரு கட்டிப்பிடிப்பு — முடிந்தது. யாழினியின் அலமாரியில் எப்போதும் ஒரு கிஃப்ட் சுற்றித் தயாராக இருக்கும். யாருடைய பிறந்தநாளுக்கோ என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேனே!

அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். “இல்லடா செல்லம். யாரும் ஊருக்குப் போகல. ஸ்கூல் மட்டும்தான் வேற.”

“வீடு?”

“அதே வீடு.”

“சாட்டர்டே பார்க்குக்கு வருவாளா?”

“வருவா.”

“அவ்ளோதானா? அப்புறம் ஏன் நீங்க ரெண்டு பேரும் அழுறீங்க?”

நாங்கள் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஹரிணி கையிலிருந்த பாக்ஸை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

“அப்போ இது இப்ப வேணாம்.”

ஹரிணியும் மறுப்பு சொல்லவில்லை. இரண்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டன.

பென்சில் பாக்ஸ் பழையபடி அலமாரிக்குப் போய்விட்டது. அது அங்கேயே கிடக்கட்டும், சாமி!